300 மி.மீ. லென்ஸில் 1/250 நொடி வைத்து எடுக்கும்போது தேன்சிட்டு மட்டும் மங்கலாக விழுவது ஏன்?

ஷட்டர் வேகத்தை 1/1600 நொடிக்கு ஏற்றுங்கள். நீங்கள் வைத்திருக்கும் 1/250, அசையாமல் உட்கார்ந்திருக்கும் புறாவுக்குப் போதும். செம்பருத்தியில் தேன் குடிக்கும் தேன்சிட்டு ஒரு நொடிகூடத் தலையை நிறுத்தாது.

எடுத்த படத்தைப் பெரிதாக்கி, பறவை பற்றியிருக்கும் காம்பைப் பாருங்கள். காம்பு தெளிவாக இருந்து பறவை மட்டும் இழுபட்டிருந்தால் வேகம்தான் காரணம். பின்னாலுள்ள இலை தெளிவாக இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. ஃபோகஸை ஒற்றைப் புள்ளிக்கு மாற்றி, அந்தப் புள்ளியைப் பறவையின் கண்ணில் வையுங்கள்.

வேகத்தைக் கூட்டினால் படம் இருளும். ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, ஆட்டோவில் விட்டு, உச்சவரம்பு 3200 வையுங்கள். படம் கொஞ்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, பிறகு கணினியில் குறைத்துக்கொள்ளலாம். இழுபட்ட படத்தை மீட்பது கடினம்.

பக்கத்தில் கூடு தொங்கினால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். தொந்தரவு தொடர்ந்தால் பெட்டை கூட்டையே கைவிடக்கூடும்.