வீட்டில் தொழில்: கவுன்சில் அனுமதியும் அயலவர் முறைப்பாடும்

வீட்டிலிருந்து தொழில் செய்வது பற்றி வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன். பதில்கள் இங்கிலாந்துக்கு மட்டும் பொருந்தும். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் விதிகள் வேறு.

சனி, ஞாயிறுகளில் முன்னறையில் கணக்கு டியூசன் கொடுக்கிறேன். ஒரு வகுப்புக்கு எட்டுப் பிள்ளைகள், ஒரு நாளில் மூன்று வகுப்பு. பிளானிங் பெர்மிஷன் எடுக்க வேண்டுமா? (ஹாரோ)

இத்தனை பிள்ளைகள் வரை பரவாயில்லை என்று சட்டத்தில் ஒரு எண்ணிக்கையும் கிடையாது. 1990ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, கட்டடத்தின் பயன்பாடு குறிப்பிடத்தக்க அளவுக்கு மாறினால்தான் அனுமதி தேவை. வீடு இன்னும் முதலில் வீடாகவே இருக்கிறதா என்று கவுன்சில் பார்க்கும். எத்தனை பேர் வந்து போகிறார்கள், கார்கள் எங்கே நிற்கின்றன, சத்தம், மணம், வேலைக்கு வெளியாட்கள் வருகிறார்களா, எந்த நேரத்தில் நடக்கிறது என்று எல்லாவற்றையும் சேர்த்தே எடை போடுவார்கள். ஒரு அறையில் கம்ப்யூட்டரோடு இருந்து கணக்கு எழுதுபவருக்கு அனுமதி தேவைப்படுவது அரிது. ஆட்கள் வந்து போகும் தொழிலில்தான் சிக்கல் தொடங்கும்.

உங்கள் விஷயத்தில் பாடத்தை விடக் கார்கள்தான் பிரச்சினை. ஒரு வகுப்பு முடிய அடுத்தது தொடங்கினால், அந்தப் பத்து நிமிடத்தில் பதினாறு பெற்றோரின் கார்கள் தெருவில் நிற்கும். அதில் ஒன்று பக்கத்து வீட்டு டிரைவ்வேயை மறித்தால் போதும், மறுநாளே முறைப்பாடு போய்விடும். வகுப்பைச் சிறிதாக்கி, இடையில் இருபது நிமிடம் விடுங்கள். எங்கே காரை நிறுத்தலாம், எங்கே கூடாது என்று பெற்றோருக்கு எழுத்தில் கொடுங்கள். இரண்டு பக்கத்து வீட்டாரிடமும் நீங்களே போய்ச் சொல்லி, உங்கள் தொலைபேசி எண்ணையும் கொடுத்து வையுங்கள். அந்த எண் அவர்களிடம் இருந்தால், கோபம் வரும்போது முதலில் உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

சந்தேகம் தீர வேண்டுமென்றால் ‘லோஃபுல் டெவலப்மென்ட் சர்டிபிகேட்’ கேட்டு விண்ணப்பிக்கலாம். இப்படிச் செய்வதற்கு அனுமதி தேவையில்லை என்று கவுன்சிலே எழுத்தில் உறுதி தரும் சான்றிதழ் அது. இனித் தொடங்கப்போகும் பயன்பாட்டுக்கு, முழு விண்ணப்பக் கட்டணத்தில் பாதிதான். ஆனால் நீங்கள் எழுதிய அளவுக்கு மட்டுமே அது காப்பு. ஐந்து பிள்ளைகள் என்று எழுதிவிட்டுப் பதினைந்து பேரைச் சேர்த்தால் அந்தக் காகிதம் உதவாது.

வீட்டில் இடியப்பம், ரோல்ஸ் செய்து ஓடருக்குக் கொடுக்கிறேன். யாரோ முறைப்பாடு செய்ததாகக் கவுன்சிலில் இருந்து கடிதம் வந்திருக்கிறது. யார் என்று கேட்கலாமா? பதில் போடாமல் விட்டால் என்ன ஆகும்? (ஈஸ்ட்ஹாம்)

யார் என்று தேட வேண்டாம். பெயரைக் கவுன்சில் பொதுவாகச் சொல்லாது. நீங்கள் ஊகித்துப் போய்க் கேட்டால், முறைப்பாடு செய்யாத ஒரு நல்ல அயலவரையும் பகைத்துக்கொள்வீர்கள்.

பதில் மட்டும் கட்டாயம் போடுங்கள். முதலில் கடிதத்தின் தலைப்பைப் பாருங்கள். சாதாரண விசாரணைக் கடிதம் என்றால் அதிகாரியை வீட்டுக்கு அழைத்துச் சமையலறையைக் காட்டலாம். ‘பிளானிங் கொன்ட்ராவென்ஷன் நோட்டீஸ்’ (மீறல் நடக்கிறதா என்று விவரம் கேட்கும் சட்டபூர்வ அறிவித்தல்) என்று இருந்தால் விஷயம் வேறு. அதற்கு 21 நாட்களுக்குள் பதில் அளிக்க வேண்டும். விட்டுவிடுவது குற்றம், தெரிந்தே பொய் எழுதுவதும் குற்றம். வாரத்தில் எத்தனை ஓடர், எத்தனை பேர் வாசலுக்கு வருகிறார்கள், எத்தனை மணி வரை பொரிக்கிறீர்கள் என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். மீறல் இருந்தாலும் கவுன்சில் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இந்தக் கட்டத்தில் நேரத்தைக் குறைத்து, வாசலில் ஆட்கள் வந்து நிற்காமல் நீங்களே கொண்டுபோய்க் கொடுக்க ஏற்பாடு செய்தால், அதுவும் கணக்கில் வரும்.

இதைக் கடந்து ‘என்ஃபோர்ஸ்மென்ட் நோட்டீஸ்’ (மீறலைச் சரிசெய்யச் சொல்லும் உத்தரவு) வந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். அது நடைமுறைக்கு வரும் தேதி அதிலேயே இருக்கும். உங்கள் கைக்கு வந்து குறைந்தது 28 நாட்களுக்குப் பிறகுதான் அந்தத் தேதி. மேல்முறையீடு அதற்கு முன்பே, அதை விசாரிக்கும் அரச அமைப்பான பிளானிங் இன்ஸ்பெக்டரேட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். தேதி தாண்டினால் மேல்முறையீட்டு உரிமை போய்விடும்.

அப்புறம், பொரிக்கும் மணம் தனிப் பிரச்சினை. அதை என்விரன்மென்டல் ஹெல்த் பிரிவு 1990ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பார்க்கும். பிளானிங் அனுமதி கையில் இருந்தாலும் அது காப்பாற்றாது. புகைபோக்கி விசிறியின் வாய் பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்து இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். உணவுத் தொழிலைக் கவுன்சிலில் பதிவு செய்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. விற்கத் தொடங்க 28 நாட்களுக்கு முன்பே பதிய வேண்டும். கட்டணம் இல்லை, மறுக்கவும் மாட்டார்கள். செய்யவில்லை என்றால் இன்றே செய்யுங்கள்.

பின்வளவில் ஷெட் கட்டி அழகு நிலையம் தொடங்கப் போகிறேன். 2.5 மீட்டருக்குள் கட்டினால் அனுமதி வேண்டாம் என்று பில்டர் சொல்கிறார். (குரோய்டன்)

பில்டர் சொன்னது பாதிதான் உண்மை. எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் கட்டினால் உயரம் 2.5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்ற விதி இருக்கிறது. ஆனால் அனுமதி எடுக்காமல் கட்டலாம் என்ற அந்தச் சலுகை, வீட்டு வாழ்க்கைக்குத் துணையான பயன்பாட்டுக்குக் கட்டுவதற்குத்தான். நாள் முழுக்க வாடிக்கையாளர் வந்து போகவென்றே ஒரு கடை கட்டினால் சலுகை பொருந்தாது, எவ்வளவு உயரம் குறைத்துக் கட்டினாலும் சரி. அத்திவாரம் வெட்ட முன் கவுன்சிலிடம் கேளுங்கள். மசாஜ், மனிக்கியூர் போன்றவற்றுக்கு லண்டன் பறோக்கள் பலவற்றில் தனி உரிமமும் வேண்டும்.

நான் இருப்பது லீஸ்ஹோல்ட் ஃபிளாட். பிறந்தநாள் கேக் செய்து விற்கலாமா? (சட்டன்)

உங்களுக்குப் பிளானிங்கை விட லீஸ் பத்திரம்தான் முக்கியம். ‘தனிக் குடியிருப்பாக மட்டும்’ என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். இருந்தால் ஃப்ரீஹோல்டரிடம் (கட்டடத்தின் உரிமையாளரிடம்) எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். வீட்டுக் காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் தொழில் செய்தால், விபத்து நடந்தபின் இழப்பீட்டை மறுக்கக்கூடும்.

பக்கத்து வீட்டுக்காரர் டிரைவ்வேயில் கார் திருத்துகிறார். நம்முடைய ஆள்தான். முறைப்பாடு செய்ய மனம் வரவில்லை, ஆனால் பெயின்ட் மணத்தில் என் பிள்ளைக்கு மூச்சு முட்டுகிறது. (லெஸ்டர்)

நம்முடைய ஆள் என்பதற்காகப் பிள்ளையின் மூச்சை விட்டுக்கொடுக்க முடியாது. முதலில் நேரில் பேசுங்கள், பிள்ளையின் நிலையையே சொல்லுங்கள். பலருக்கு அது தெரியாமலே இருக்கும். மாறாவிட்டால் இரண்டு, மூன்று வாரம் குறிப்பு எழுதுங்கள்: தேதி, நேரம், எத்தனை கார், எத்தனை மணி நேரம் ஸ்ப்ரே. வெறும் கோபக் கடிதத்தை விட அந்தக் குறிப்பை வைத்துக் கவுன்சிலால் அதிகம் செய்ய முடியும். மணம், சத்தம், பார்க்கிங் பற்றி எழுதுங்கள். உங்கள் வீட்டு விலை குறையும் என்று எழுதினால் பிளானிங்கில் அது எடுபடாது.

ஒன்று தெரிந்திருங்கள். நாளை உங்கள் வீட்டை விற்கும்போது நிரப்பும் டிஏ6 படிவத்தில் அயலவரோடு வந்த தகராறுகள் பற்றியும் கேட்பார்கள், மறைக்கக் கூடாது. பேசித் தீர்ப்பதை நான் முதலில் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

வீட்டில் தொழில் செய்தால் பிசினஸ் ரேட்ஸ் (தொழில் நடக்கும் இடத்துக்கான வரி) வருமா? (இல்ஃபோர்ட்)

வீட்டின் சிறு பகுதியில் மேசை போட்டு வேலை செய்தால் பெரும்பாலும் வராது. வாடிக்கையாளர் வந்து வாங்கும் இடமாக மாற்றினாலோ, ஆள் வைத்து நடத்தினாலோ, கராஜைப் பட்டறையாக்கினாலோ அந்தப் பகுதிக்கு வரக்கூடும். முடிவு எடுப்பது, இந்த வரிக்காகக் கட்டடங்களை மதிப்பிடும் வெல்யூவேஷன் ஒஃபிஸ். ஒரு அறையைத் தொழிலுக்கு மட்டுமே என்று ஒதுக்கினால், வீடு விற்கும்போது அந்தப் பங்குக்கு மூலதன ஆதாய வரி கேட்கலாம். மாலையில் பிள்ளைகள் அதே அறையில் இருந்து படித்தால் அந்தக் கவலை இல்லை.