மறுத்தால் நெஞ்சு படபடக்கிறது; இது மனநோயா?

கேள்வி: வயது 36. என் சிறுவயதில் அப்பா குடித்துவிட்டு வருவார். வாசலில் கேட்கும் செருப்புச் சத்தத்தை வைத்தே அன்றைக்கு அடி விழுமா விழாதா என்று கண்டுபிடித்துவிடுவேன். இப்போதும் யார் எதைக் கேட்டாலும் யோசிக்காமல் 'சரி' என்கிறேன். மறுத்தால் நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் போய்விடுகிறது. உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் பதில் தெரியவில்லை. இதற்கு 'கோடிபென்டன்ஸி' என்று பெயராம். மாத்திரை வேண்டுமா டாக்டர்?

பதில்: கோடிபென்டன்ஸி என்பது அடுத்தவர் தேவைக்காகத் தன்னையே ஒதுக்கிவிடும் பழக்கம்; அது நோயின் பெயர் இல்லை. குடிநோயாளிகளின் குடும்பத்தாரைக் கவனித்தவர்களிடையே புழங்கத் தொடங்கிய சொல். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப்பட்டியலில் கிடையாது. அதனால் உங்கள் அவஸ்தை பொய் என்று ஆகிவிடாது.

செருப்புச் சத்தத்தை அளந்த அந்தக் காது இன்னும் வேலை பார்க்கிறது. அன்று அடுத்தவர் முகத்தைப் படிப்பதுதான் உங்களுக்குக் காவல். தன் பசி, கோபம், களைப்பு எல்லாவற்றையும் ஒதுக்கினால்தான் அது முடியும். வருஷக்கணக்கில் ஒதுக்கியதால்தான் இன்று 'என்ன வேண்டும்' என்றால் உள்ளே சத்தமே இல்லை. மறுத்ததும் வரும் குற்ற உணர்வும் பெரும்பாலும் அந்தப் பழைய பயம்தான். தப்புச் செய்துவிட்டதற்கு அதைச் சாட்சியாக எடுக்காதீர்கள்.

பயிற்சியை மிகச் சிறிதாகத் தொடங்குங்கள். முதல் 2 வாரம் யாருக்கும் மறுப்பே வேண்டாம். 'பார்த்துட்டு சாயங்காலம் சொல்றேன்' என்ற ஒரு வாக்கியம் போதும். சொன்னதும் படபடப்புக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு எழுதுங்கள், 20 நிமிஷம் கழித்து மறுபடி எழுதுங்கள். அந்த 20 நிமிஷத்தில்தான் கை தானாகப் போனை எடுத்து, 'ஸாரி, நானே செஞ்சிடறேன்' என்று தட்டும். அனுப்பிவிட்டால் உடனே நிம்மதி கிடைக்கும்; அந்த நிம்மதியே பழக்கத்தை இன்னும் இறுக்கும். அனுப்பாமல் இருந்தால் எண் மெல்ல இறங்குவதை நீங்களே பார்க்கலாம். முதல் சில தடவை இறங்காமலும் போகும், விட்டுவிடாதீர்கள்.

பலரும் சறுக்குவது, எடுத்த எடுப்பில் ரொம்ப பயப்படும் ஆளிடமே பெரிய மறுப்பைச் சொல்லிப் பார்ப்பதில். எதிராளி கோபித்ததும் இரட்டிப்பாக இறங்கிப் போவார்கள். அந்த ஆளைக் கடைசிக்கு வையுங்கள்.

விருப்பம் தெரிய, 'என் வாழ்க்கையில் எனக்கு என்ன வேண்டும்' என்று கேட்காதீர்கள், மலைப்புதான் மிஞ்சும். 'இப்போது தாகமா? ஜன்னலைத் திறக்கலாமா?' இவ்வளவு போதும், நாளுக்கு 3 தடவை.

'சரி' சொல்லும் பழக்கத்துக்கு மாத்திரை இல்லை. ஆனால் கெட்ட கனவுகள், பழைய காட்சி கண்முன் வருவது, திடுக்கிடல் இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அதிர்ச்சி நினைவுகளை நேரடியாகக் கையாளும் பேச்சுச் சிகிச்சை, ஈ.எம்.டி.ஆர். (கண்களை இடவலமாக அசைத்தபடி பழைய நினைவை எதிர்கொள்ளும் சிகிச்சை) இரண்டும் பலன் தருபவை. தேவைப்பட்டால் செர்ட்ராலின் போன்ற, மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் மருந்தை மருத்துவர் தருவார். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

ஒன்று, உங்கள் கடிதத்தில் இல்லை, ஆனாலும் கேட்கிறேன்: இப்போது வீட்டில் கைநீட்டும் ஆள் யாராவது உண்டா? இருந்தால் இந்தப் பயிற்சியை அவரிடம் செய்யவே வேண்டாம். நம்பகமான ஒருவரிடம் சொல்லி, பாதுகாப்பாக இருக்க இடம் பார்ப்பதுதான் முதல் வேலை.