நாகப்பட்டினம் கடலோரத்தில் வீடு கட்டும் விதியும் காரைக்கால் விதியும் வேறா? வெள்ளம் வரும் இடத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

அனுமதி வாங்கும் இடம் வேறு. நாகைப் பக்கம் 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். வாஞ்சூர் எல்லையைத் தாண்டினால் காரைக்கால் திட்டக் குழுமம், புதுச்சேரி விதிகள். ஆனால் கடலை ஒட்டிய மனைக்கு இரண்டு பக்கமும் முதலில் நிற்பது மத்திய அரசின் சிஆர்இசட், அதாவது கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை.

2011 அறிவிக்கைப்படி கிராமப்புறத்தில் உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது அலை ஏற்றத்தில் கடல்நீர் எட்டும் எல்லையிலிருந்து, 200 மீட்டருக்குள் பொதுவாகப் புதுக் கட்டடம் கூடாது. இருக்கிற வீட்டைப் பழுது பார்க்கலாம். 2019 அறிவிக்கை, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் பகுதிகளுக்கு மட்டும் அதை 50 மீட்டராகக் குறைத்தது. அதுவும் அந்த அறிவிக்கைப்படி வரைந்த புதிய சிஆர்இசட் வரைபடம் ஒப்புதலான பிறகுதான் செல்லும். எனவே உங்கள் சர்வே எண் எந்த வரைபடத்தில் எங்கே விழுகிறது என்று முதலில் கேளுங்கள். கடல் தூரத்தில் இருந்தாலும், ஓதம், அதாவது கடலின் ஏற்றநீர், ஏறும் ஆற்றங்கரை மனைக்கும் சிஆர்இசட் உண்டு. பலர் இதை மறந்துவிட்டு முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள்.

சரி, இந்த விதிகளில் எனக்கு இருக்கும் பெரிய குறை, இவை கடலிலிருந்து தூரத்தை அளக்கின்றன என்பதுதான். டெல்டாவில் தண்ணீர் பெரும்பாலும் கொல்லைப்புறமாக, வயல் வழியாக வருகிறது. எங்கள் வீடு வேளாங்கண்ணிக்குத் தெற்கே, கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே. 2008 நவம்பரில் நிஷா புயல் மழையின்போது மேற்கிலிருந்து வந்த வெள்ளம் வடிய வழியில்லாமல் நின்றது. கடலில் ஓதம் ஏறியிருந்தால் முகத்துவாரம் தண்ணீரை வாங்காது. கூடத்துச் சுவரில் அம்மா அன்று கரிக்கட்டையால் போட்ட கோடு என் முழங்காலுக்கு மேலே இருக்கிறது. அதன்மேல் சுண்ணாம்பு அடிக்க விடமாட்டார்.

தேசியக் கட்டட விதித் தொகுப்பு, பேஸ்மட்டம் சுற்றுத்தரைக்கு மேல் குறைந்தது 45 சென்டிமீட்டர் இருக்கச் சொல்கிறது. அப்பா இரண்டு அடி வைத்தார். அப்புறம் ரோடு மூன்று முறை மேலே மேலே போட்டு உயர்ந்தது; இப்போது வாசலில் ஒரே படிதான் மிச்சம். அமெரிக்காவில் ஓர் ஆண்டில் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள வெள்ளம் எவ்வளவு உயரம் வரும் என்று வரைபடத்தில் குறித்திருக்கிறார்கள். அலை மோதும் கடலோரத்தில் வீட்டைத் தூண்மேல் நிறுத்தி, தளத்தின் அடி உத்தரமே அந்த மட்டத்துக்குக் கீழே போகக் கூடாது என்கிறார்கள். நமக்கும் இப்படி உயரத்தை அளக்கும் விதி வேண்டும்.

அதுவரை ஊர்ப் பெரியவர்களிடம் 2008-இல் தண்ணீர் எங்கே நின்றது என்று கேட்டு, அந்த மட்டத்துக்கு மேல் ஒன்றரை அடி வைத்துத் தரை போடுங்கள். இன்றைய ரோட்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பின்பக்கத் தண்ணீர் ஓட வழி விடுங்கள். சவுடு அடித்து அடைத்தால் பக்கத்து வீட்டுக்குள் போகும்.

இன்னொன்று, கம்பி. எங்கள் சன்ஷேடு காரை பெயர்ந்து விழுந்தபோது பார்த்தேன், கம்பிக்கு மேல் அரை இஞ்சுகூடக் கான்கிரீட் இல்லை. துரு ஏடு ஏடாக உரிந்தது. கடற்காற்று நேராகப் படும் கான்கிரீட்டுக்கு ஐஎஸ் 456 என்ற இந்தியத் தர விதி கேட்பது எம் 30 என்ற வலிமைத் தரம், 45 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம். மேஸ்திரியிடம் வாயால் சொன்னால் போதாது. கான்கிரீட் போடும் அன்று காலையில் அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக்கை நீங்களே ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள்.