ஹேர் எக்ஸ்டென்ஷன் எத்தனை நாள் உழைக்கும்? எப்படிப் பராமரிப்பது?

ஓர் ஆண்டு உழைக்கும் என்று சொல்லி விற்கிறார்கள், இரண்டு மாதத்தில் கழற்ற வேண்டும் என்றும் சொல்கிறார்கள், எது உண்மை என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் உண்மைதான். நீளத்துக்கும் அடர்த்திக்கும் சேர்த்துக்கொள்ளும் முடிக்கு ஓர் ஆயுள், அதைத் தலையோடு பிடித்துவைக்கும் ஒட்டுக்கு வேறோர் ஆயுள். பசை நாடாவால் ஒட்டும் டேப் வகையைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்துபவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஒட்டின் ஆயுளைத் தீர்மானிப்பது உங்கள் சொந்த முடியின் வளர்ச்சி. மாதத்திற்குச் சுமார் 1 செ.மீ. முடி வளர்வதால், வேரருகே இருந்த ஒட்டு மெல்லக் கீழிறங்கி, முறுக்கிக்கொண்டு வேரை இழுக்கத் தொடங்குகிறது. அதனால்தான் டேப், சிறு வளையத்தால் இறுக்கும் மைக்ரோ ரிங், தைத்து வைக்கும் வகை ஆகியவற்றை 6 முதல் 8 வாரங்களுக்குள் கழற்றி மேலேற்ற வேண்டியிருக்கிறது. கெரட்டின் என்ற புரதப் பசையை உருக்கி இணைக்கும் ஒட்டு 3, 4 மாதங்கள் தாங்கும். கிளிப் வகையை அன்றன்றே கழற்றிவிடுவதால் இந்தக் கணக்கு அதற்கு இல்லை.

ஒருமுறை சோம்பலில் 11 வாரங்கள் வரை தள்ளிப்போட்டேன். கழற்றியபோது ஒவ்வொரு டேப்பின் மேலும் பஞ்சுபோல் ஒரு சிடுக்கு. பிரித்துப் பார்த்தால் ஒவ்வோர் இழையின் முனையிலும் சிறிய வெள்ளைக் குமிழ். தலையே வழுக்கையாகிவிட்டது என்று பயந்துபோனேன். உண்மையில், நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. அப்படி உதிர்ந்தவை கீழே விழ வழியின்றி ஒட்டிலேயே மாட்டிக்கொண்டிருந்தன, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சிடுக்கை எடுப்பதற்குள் நல்ல முடியும் கொஞ்சம் அறுந்துபோனது.

இனி முடியின் ஆயுள். ரெமி என்று சொல்லப்படும் மனித முடியில், இழையின் மேல் இருக்கும் செதில்கள் எல்லாம் வேரிலிருந்து நுனிநோக்கி ஒரே திசையில் படிந்திருக்கும். நன்றாகப் பராமரித்தால் ஓர் ஆண்டுவரைகூட மறுபடி மறுபடி ஒட்டலாம். தலைகீழாகக் கலந்துபோன மலிவு முடியில் அந்தச் செதில்களை அமிலத்தால் நீக்கி, சிலிக்கோன் பூசி மினுக்கியிருப்பார்கள். சில முறை அலசியதும் பூச்சு போய்ச் சிக்கு பிடிக்கும். வாங்கிய அன்றைய பளபளப்பை நான் நம்புவதே இல்லை. செயற்கை இழை தினசரி அணிந்தால் சில வாரங்களிலேயே நுனி பொரிந்துவிடும். வெப்பம் தாங்கும் என்று குறிப்பிடாத இழையில் முடி நேராக்கும் அயர்ன் வைத்தால் உருகியே போகும்.

பராமரிப்பில் நினைவில் கொள்ள வேண்டியது, உச்சந்தலையில் ஊறும் இயற்கை எண்ணெய் ஒட்டிய முடிக்குப் போதிய அளவு இறங்காது என்பதே. ஆகவே நடுப்பகுதி முதல் நுனிவரை கண்டிஷனரோ இரண்டு சொட்டு எண்ணெயோ தேவை. அதே எண்ணெய் டேப்பின் மேல் பட்டால் பசை இளகி நழுவிவிடும். ஒட்டிய பிறகு முதல் 48 மணி நேரம் தலைக்குக் குளிக்க வேண்டாம். சீவும்போது ஒட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். ஈரத்தலையோடு படுக்காமல், காயவைத்துத் தளர்வாகப் பின்னிக்கொண்டு உறங்குங்கள். சிக்கில் பாதி இரவில்தான் விழுகிறது.

முதல் ஓரிரு நாள்கள் இறுக்கமாக இருப்பது சகஜம். அதற்கு மேலும் வலித்தாலோ, வேரைச் சுற்றிச் சிறு கொப்புளங்கள் தெரிந்தாலோ, 8 வாரக் கணக்கைப் பார்க்காமல் உடனே கழற்றச் சொல்லுங்கள். அந்த இழுவை நீடித்தால் அவ்விடத்தில் முடி நிரந்தரமாகவே வளராமல் போகலாம்.