ஸ்போர்ட் ஏ.டி.வி.க்கு அடித்தகடு: கேட்டதும் சொன்னதும்

ஸ்போர்ட் ஏ.டி.வி. என்ற நாலு சக்கரக் கரடுமுரடுப் பாதை வண்டிக்கு அடியில் மாட்டும் ஸ்கிட் பிளேட் பற்றி மட்டும் கேளுங்கள், வந்த வரிசையில் எழுதுகிறேன். எந்தக் கம்பெனி, என்ன விலை என்பதற்குள் போகமாட்டேன். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: தகடு மாட்டுவதற்காக ஃபிரேமில் துளை போடாதீர்கள்.

மணல்மேடு: அண்ணே, புதிதாக ஒரு ஸ்போர்ட் ஏ.டி.வி. எடுத்திருக்கிறேன். இன்ஜினுக்குக் கீழே கம்பெனியே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தகடு கொடுத்திருக்கிறது. அது போதாதா?

பதில்: மணலில் மட்டும் ஓட்டுவதாக இருந்தால் தாராளமாகப் போதும், வேறு எதுவும் வாங்க வேண்டாம். கல், வேர், மரக்கட்டை உள்ள பாதை என்றால் போதாது. மண்ணும் பொடிக்கல்லும் தெறிப்பதைத் தடுக்கத்தான் அது இருக்கிறது. வண்டியின் எடை ஒரு கல்முனையில் உட்கார்ந்தால் அது அப்படியே மடங்கி இன்ஜின் கேஸில் போய் முட்டும். கேஸ் வார்ப்பு அலுமினியம். வளைந்து கொடுக்காது, கீறல் விடும்.

காட்டுவழி: முன்னால் ஏ-ஆர்ம் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கை), நடுவில் இன்ஜின், பின்னால் ஸ்விங் ஆர்ம் (பின் அச்சைப் பிடித்து மேலும் கீழும் ஆடும் கை) என்று மூன்று இடத்துக்கும் தனித்தனித் தகடு விற்கிறார்கள். ஒன்றுதான் வாங்க முடியும். எது?

பதில்: ஸ்விங் ஆர்ம். இந்தக் கேள்விக்கு எல்லோரும் இன்ஜின் என்றுதான் சொல்வார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ராப்டர் 700, ஒய்.எஃப்.இசட். 450 ஆர், டி.ஆர்.எக்ஸ். 450 ஆர் மாதிரி வண்டிகளில் பின்சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் இருக்கின்றன. அந்த அச்சிலேயே செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டும் பிரேக் டிஸ்கும் தொங்குகின்றன. ஸ்விங் ஆர்ம் தகடு காப்பது இவற்றைத்தான். சஸ்பென்ஷன் அமுங்கினாலும் விரிந்தாலும் தரையிலிருந்து அச்சின் உயரம் மாறாது, ஏனென்றால் அது டயரோடு சேர்ந்தே போகிறது. ஷாக்கை எவ்வளவு இறுக்கினாலும் அந்த இடம் ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. அதை உயர்த்த ஒரே வழி பெரிய டயர். 20 அங்குல டயரை 22 ஆக மாற்றினால் 25 மி.மீ. கிடைக்கும், ஆனால் கியர் விகிதமும் கூடவே மாறும். ஸ்ப்ராக்கெட்டில் இரண்டு பல் குறைத்தால் 520 அளவுச் செயினில் அதன் ஆரம் 5 மி.மீ. குறையும், அவ்வளவுதான்.

அப்புறம் இன்னொன்று. முன்சக்கரம் ஏறிய கல்லை ஓட்டுபவர் மறந்துவிடுகிறார். பின்னால் வரும் ஸ்ப்ராக்கெட் மறக்காது. அடி வாங்கிய ஸ்ப்ராக்கெட்டைப் பக்கவாட்டில் இருந்து பாருங்கள். இரண்டு மூன்று பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நுனி காளான் மாதிரி விரிந்திருக்கும். அதன் மேல் செயின் ஏறும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு டக் சத்தம். டிஸ்க் வளைந்தால் பிரேக் பெடல் காலை உதைக்கும். இவை இரண்டும் கெடுவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். இன்ஜின் கேஸ் உடைவது அபூர்வம், உடைந்தால் செலவு பெரிது. அதனால் அடுத்து வாங்க வேண்டியது இன்ஜின் தகடு.

ஒரு எச்சரிக்கை. இந்த வண்டிகளில் அச்சைத் தாங்கும் பேரிங் கேரியரைச் சுழற்றித்தான் செயின் தளர்வைச் சரிசெய்கிறோம். தகடு அந்த கேரியரிலேயே பிடிக்கும் வகை என்றால், செயினை இறுக்கும்போதெல்லாம் தகடும் நகரும். இறுக்கிய பின் சக்கரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, எங்கேயும் உரசவில்லை என்று பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.

ரெண்டாம்கியர்: அலுமினியமா, யு.எச்.எம்.டபிள்யூ. பிளாஸ்டிக்கா?

பதில்: இது வரும் என்று தெரியும். யு.எச்.எம்.டபிள்யூ. என்பது மிக நீண்ட மூலக்கூறு கொண்ட பாலிஎத்திலின் பிளாஸ்டிக். முதலில் எடை. கால் சதுர மீட்டர் பரப்புக்கு 5 மி.மீ. அலுமினியம் 3.4 கிலோ வரும். 12 மி.மீ. யு.எச்.எம்.டபிள்யூ. 2.8 கிலோ. 3 மி.மீ. இரும்பு 5.9 கிலோ. முதல் இரண்டுக்கும் எடையில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆகவே எடையை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

வித்தியாசம் கல்லில் தெரியும். அலுமினியம் மென்மையான உலோகம். கூரான கல் அதில் பதிந்து கோடு கிழிக்கும், வண்டி ஒரு கணம் பிடித்து நிற்கும். யு.எச்.எம்.டபிள்யூ. வழுக்கும். கல்லும் மண்ணும் கொட்டும் லாரிகளின் தொட்டிக்கு உள்ளே, சரக்கு ஒட்டாமல் சறுக்குவதற்காகப் பதிப்பதும் இதே பிளாஸ்டிக்தான். கடுங்குளிரிலும் உடையாது, தண்ணீர் குடிக்காது, சத்தமும் குறைவு.

குறை இரண்டு. ஒன்று, விறைப்பு. அலுமினியத்தின் விறைப்பில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான் இதற்கு. தடிமனை 12 மி.மீ. ஆக்கினாலும் 5 மி.மீ. அலுமினியத்தைவிட ஆறேழு மடங்கு எளிதாக வளையும். அதனால் இன்ஜினுக்கும் தகடுக்கும் நடுவில் இடைவெளி அதிகம் வேண்டும். அலுமினியத்துக்கு 10 மி.மீ., இதற்கு 15 மி.மீ. என்பது என் கணக்கு. இரண்டாவது, சூட்டில் நீளும். 600 மி.மீ. நீளத் தகடு 40 டிகிரி சூடேறினால் அலுமினியம் அரை மி.மீ. நீளும், இது 4 மி.மீ.க்கு மேல் நீளும். துளைகள் நீள்வட்டமாக இல்லையென்றால் தகடு நடுவில் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும்.

சங்கிலிச்சத்தம்: மன்னிக்கணும், பிளாஸ்டிக் என்றாலே சைலன்சர் சூட்டில் உருகிவிடும். அலுமினியத்தில் அந்தப் பயமே இல்லை. இதை ஏன் சொல்லாமல் விட்டீர்கள்?

பதில்: இது உருகுவது 130 டிகிரி வாக்கில். 80 டிகிரி தாண்டினாலே இளகத் தொடங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் வண்டியில் சைலன்சர் குழாய் எங்கே இருக்கிறது? 4-ஸ்ட்ரோக் ஸ்போர்ட் வண்டிகளில் பெரும்பாலும் அது இன்ஜின் தலையில் கிளம்பிப் பக்கவாட்டில் மேலேயே பின்னால் போகிறது. தகடு அதன் பக்கத்திலேயே வருவதில்லை. சில 2-ஸ்ட்ரோக் வண்டிகளில் குழாயின் வயிறு தாழ்ந்திருக்கும். அங்கே நீங்கள் சொல்வது சரி.

பாறைக்காடு: சங்கிலிச்சத்தம் பாறையில் ஓட்டியதே இல்லை போலிருக்கிறது. அலுமினியத் தகடு கல்லில் மாட்டி வண்டி ஊஞ்சல் ஆடுவதை ஒருமுறை பார்த்தால் பேசமாட்டார்.

சங்கிலிச்சத்தம்: உங்கள் பிளாஸ்டிக்கை மூன்று மாதம் கழித்துப் பார்த்தேன் ஐயா, ஓரமெல்லாம் நார் நாராகத் தொங்கியது.

பாறைக்காடு: கத்தியால் சீவினால் போய்விடும். உங்கள் அலுமினியத்தில் விழுந்த குழியை எதை வைத்துச் சீவுவீர்கள்?

சங்கிலிச்சத்தம்: சுத்தியலால் தட்டி நிமிர்த்துவேன். பிளாஸ்டிக்கை வெல்டிங் பண்ணிக் காட்டுங்கள் பார்ப்போம்.

பதில்: இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறீர்கள், ஆனால் வேறு வேறு பாதையில் ஓட்டுகிறீர்கள். சங்கிலிச்சத்தம் ஓட்டுவது மோட்டோகிராஸ் ட்ராக். அங்கே வண்டி குதித்து இறங்கும்போது அடிப்பாகம் மண்ணில் ஒரே தட்டாகத் தட்டும். விறைப்பான, மெல்லிய அலுமினியம் அங்கே சரி. பாறைக்காடு ஓட்டும் இடத்தில் அடி ஒரு புள்ளியில் விழுந்து இழுத்துக்கொண்டே போகும், அங்கே வழுக்குவதுதான் முக்கியம்.

நீங்கள் இருவரும் பேசாத விஷயம் ஒன்று இருக்கிறது. தகடு அடியைத் தடுப்பதில்லை, வேறு இடத்துக்கு அனுப்புகிறது. அந்த இடம் ஃபிரேம் குழாயாக இருக்க வேண்டும். தகடு இன்ஜினைத் தொட்டுக்கொண்டிருந்தால் எந்த உலோகமும் எந்தப் பிளாஸ்டிக்கும் உதவாது, கல் நேராக கேஸில் அடித்த மாதிரிதான். வாங்கும்போது பொருளைவிட இதைப் பாருங்கள்: தகடு இரண்டு பக்கமும் ஃபிரேம் குழாய் மேல் படிகிறதா, நடுவில் விரல் நுழையும் இடம் இருக்கிறதா, முன் ஓரம் மேல்நோக்கி வளைந்திருக்கிறதா. முன் ஓரம் தட்டையாக இருந்தால் கட்டையில் குத்தி நிற்கும். இரண்டு துண்டாக வரும் தகடு என்றால், முன்துண்டின் பின் ஓரம் பின்துண்டுக்குக் கீழே வர வேண்டும். தலைகீழாக மாட்டியிருப்பவர்கள் இருக்கிறார்கள். இணைப்பு அப்படியே கல்லைக் கவ்விக்கொள்ளும்.

பாறைக்காடு: சரி அண்ணே, ஆனால் பிளாஸ்டிக்தான்.

வளைவுக்காரன்: அலுமினியத்தில் 5052, 6061 என்று இரண்டு கலவை சொல்கிறார்கள். 6061 தான் வலிமை, அதையே எடுக்கலாமா?

பதில்: தட்டையாக வெட்டிய தகடு என்றால் எடுங்கள். 6061-டி6 நிரந்தரமாக வளைய 5052-எச்32-ஐவிட நாற்பது சதவீதம் கூடுதல் விசை வேண்டும் (டி6, எச்32 என்பவை உலோகத்தைக் கடினமாக்கிய விதத்தின் குறி). ஆனால் அதைக் கூர்மையாக மடித்தால் மடிப்பின் வெளிப்பக்கம் வெடிக்கும். ஸ்கிட் பிளேட் முழுக்க மடிப்புதான். 5052 மடிக்க ஒத்துழைக்கும், அடி விழுந்தாலும் குழிவிழுமே தவிரச் சட்டென்று பிளக்காது. தகடு குழிவிழட்டும் என்றுதான் மாட்டுகிறோம். விறைப்பு இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றே. விறைப்பு வேண்டுமானால் தடிமனைக் கூட்டுங்கள். அது தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 4 மி.மீ.யிலிருந்து 5-க்குப் போனால் ஏறக்குறைய இரட்டிப்பு.

பழைய_பிஸ்டன்: வீட்டில் 3 மி.மீ. இரும்புத் தகடு கிடக்கிறது. வெட்டி, ஃபிரேமில் நாலு துளை போட்டு மாட்டிவிடலாமா?

பதில்: இரும்பு போடலாம். எடை கூடும், துருப்பிடிக்கும், அது உங்கள் இஷ்டம். துளை மட்டும் வேண்டாம். ஃபிரேம் குழாயின் சுவர் மெல்லியது, துளை போட்ட இடத்தில்தான் விரிசல் தொடங்கும், உள்ளே தண்ணீரும் போகும். குழாயைச் சுற்றிப் பிடிக்கும் கிளாம்ப் வாங்குங்கள், நடுவில் ரப்பர் வையுங்கள்.

நட்டுபோல்ட்: போல்ட் தலையெல்லாம் கல்லில் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டது. சாவி பிடிக்கவில்லை. எப்படிக் கழற்றுவது?

பதில்: தேய்ந்த தலையின் நடுவில் ஹாக்ஸா பிளேடால் ஒரு வரி அறுத்து, பெரிய ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்திச் சுற்றுங்கள். அதற்கும் வரவில்லையென்றால் தலையைத் துளைத்து எடுக்க வேண்டியதுதான். அடுத்த முறை தலை உள்ளே புதையும் மாதிரி போல்ட் போடுங்கள். தடிமனான பிளாஸ்டிக் தகட்டில் அதற்கு ஆழம் இருக்கிறது, 5 மி.மீ. அலுமினியத்தில் சரிவாகக் குடைந்து தட்டைத்தலை போல்ட் போடலாம். ஸ்டெயின்லெஸ் போல்ட் அலுமினியத்தோடு ஈரத்தில் கிடந்தால் இறுகிப்போகும். இரண்டும் தொடும் இடத்தில் ஆன்டி-சீஸ் (போல்ட் இறுகிப்போகாமல் தடுக்கும் களிம்பு) தடவுங்கள்.

மணல்மேடு2: எது பெஸ்ட் அண்ணா?

பதில்: மேலே படியுங்கள்.

ஈரமண்: சகதியில் ஓட்டினால் தகடுக்கு மேலே மண் சேருமே? இன்ஜின் சூடாகாதா?

பதில்: நல்ல கேள்வி. ஒருமுறை தகட்டைக் கழற்றிப் பாருங்கள். இன்ஜின் அடிப்பாகத்தின் அச்சு அப்படியே காய்ந்த மண்ணில் பதிந்திருக்கும், ஆயில் போல்ட்டின் ஆறு முகம்கூடத் தெரியும். நான் சொன்ன 10 மி.மீ. இடைவெளி அங்கே காணாமல் போய்விடுகிறது. மண்ணுக்குள் ஒரு கூழாங்கல் இருந்தால் அது கேஸை அழுத்தும். சூடு வெளியேறுவதும் குறையும், காற்றால் குளிரும் இன்ஜினில் அது தெரியும். அதனால் சகதிக்குத் துளையுள்ள தகடு நல்லது. துளை விரல் தடிமனுக்கு மேல் வேண்டாம், பெரிதானால் கல்முனை உள்ளே வரும். கழுவும்போது மேலிருந்தும் தண்ணீர் விடுங்கள். காய்ந்த புல் சேர்ந்திருந்தால் உடனே எடுங்கள், சைலன்சர் குழாய் பக்கத்தில் அது தீப்பிடிக்கும்.

ஆயில்கேன்: ஆயில் மாற்ற ஒவ்வொரு தடவையும் தகட்டைக் கழற்றணுமா? கீழே ஓட்டை உள்ளதாக வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஓட்டை போல்ட்டுக்கு நேராக இருக்கிறதா என்று உங்கள் மாடலுக்குப் பார்த்து வாங்குங்கள். ஆனால் நான் கழற்றத்தான் சொல்வேன், கழற்றினால்தான் மண்ணும் விரிசலும் கண்ணில் படும்.

குதிரைசக்தி: பின் ஷாக் கம்ப்ரெஷன் எவ்வளவு வைக்கலாம்?

பதில்: இது ஸ்கிட் பிளேட் பக்கம். ஷாக்கைப் பற்றிச் சஸ்பென்ஷன் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

ரெண்டாம்கியர்: அண்ணே, கடைசியில் அலுமினியமா பிளாஸ்டிக்கா என்று நீங்கள் சொல்லவே இல்லையே?

பதில்: நீங்கள் எங்கே ஓட்டுகிறீர்கள் என்று நீங்களும் சொல்லவே இல்லையே?

ரெண்டாம்கியர்: கொஞ்சம் காடு, கொஞ்சம் ட்ராக்.

பதில்: இன்ஜினுக்கு அலுமினியம், ஸ்விங் ஆர்முக்கு யு.எச்.எம்.டபிள்யூ. போடுங்கள். இழுபடும் இடம் பின்னால்தான்.

சங்கிலிச்சத்தம்: பார்த்தீர்களா, இன்ஜினுக்கு அலுமினியம்!

பாறைக்காடு: பின்னால் எது என்று படித்தீர்களா?

பதில்: போதும்.

பழைய_பிஸ்டன்: கிளாம்ப் நழுவுகிறது. இரண்டே இரண்டு துளை?

பதில்: வேண்டாம். கிளாம்ப் அளவு தவறு. குழாயின் வெளிவிட்டத்தை காலிப்பரால் அளந்து, ரப்பர் தடிமனையும் சேர்த்து வாங்குங்கள்.

புதுவரவு: தகடு வந்துவிட்டது, நாளைக்கு மாட்டுகிறேன். எதையாவது கவனிக்கணுமா?

பதில்: எல்லா போல்ட்டையும் முதலில் கையால் பிடிக்கும் அளவுக்கு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டால் எதிர்ப்பக்கத் துளை பொருந்தாது, இழுத்து மாட்டினால் தகடு அந்த இழுவிசையோடேயே இருக்கும். அப்புறம் குறுக்கு மறுக்காக இறுக்குங்கள். நடுத்தர வலிமையுள்ள த்ரெட்லாக்கர் (போல்ட் மரை தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு போதும். பிளாஸ்டிக் தகடு என்றால் அகலமான வாஷர் போடுங்கள், தகடு நசுங்கும் அளவுக்கு இறுக்காதீர்கள். ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, பிரேக் குழாய் எங்கேயும் மாட்டவில்லை என்று பாருங்கள். முதல் ஓட்டம் முடிந்து வந்ததும் எல்லா போல்ட்டையும் இன்னொரு முறை சாவி வைத்துப் பாருங்கள், ஒன்றிரண்டு கண்டிப்பாகத் தளர்ந்திருக்கும்.