43 வயசில திரும்பவும் ஜூனியர், என்ன செய்யிறது?

தம்பி, நீங்க கேட்டது இதுதானே: திருகோணமலையில ஃபக்டரியில 17 வருசம் மெஷின் கன்ட்ரோல் வேலை, கீழ எட்டுப் பேர், எல்லாரும் 'சேர்' எண்டு கூப்பிட்டவை, இப்ப கனடாவில ஸ்காபரோவில 43 வயசில ஜூனியர் டெக்னீஷியன், சூப்பவைசருக்கு 27 வயசு, அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுறான், இனி நான் படிக்கிறதோ படிப்பிக்கிறதோ எண்டு.

பேர் விசயத்தை விடுங்க, இங்க முதலாளியையும் அப்பிடித்தான் கூப்பிடுவாங்கள். லைசென்ஸ் இல்லாம பேருக்குப் பக்கத்தில எஞ்சினியர் எண்டு போடுறது ஒன்ராறியோவில சட்டப்படி பிழை, ரிசுமேயில கவனம். ஆனா லைசென்சுக்கு முந்தி கேட்ட 12 மாசக் கனடா அனுபவத்தை 2023 இல எடுத்திட்டாங்கள். நான் அந்த 12 மாசத்திலதான் களைச்சுப்போய் விட்டனான், நீங்க விடாதீங்க.

படிப்பிக்கிறதைப் பற்றிச் சொல்லோணும். நான் வந்து மூண்டாம் வருசம், ஒரு கன்வேயர் ஸ்டார்ட் ஆகேல்லை, புதுசா வந்த பிள்ளை ஒண்டு லப்டொப்பை வச்சு லாடர் புரோகிராமை, அதுதான் மெஷின் கன்ட்ரோலருக்குள்ள ஓடுற புரோகிராமை, ஒவ்வொரு வரியாப் பார்த்துக்கொண்டிருந்துது, எனக்குப் பொறுக்கேலாம 'தள்ளும்மா' எண்டு போய் சென்சர் கண்ணாடியில இருந்த தூசியைச் சேட்டால துடைச்சுவிட, லைன் ஓடத் தொடங்கிட்டுது. எல்லாரும் முதுகில தட்டினாங்கள், எனக்கு அண்டைக்குப் பெரிய புளுகம். அந்தப் பிள்ளை அதுக்குப் பிறகு என்னட்ட ஒண்டுமே கேட்கேல்லை. நல்லாப் படிப்பிச்சனான் எண்டுதான் நானும் கனகாலம் நினைச்சுக்கொண்டிருந்தன், பாருங்கோவன்.

இவ்வளவுக்கும் நான் படிச்ச இடம் வேற மாதிரி. திருகோணமலைப் பக்கம் உப்புவெளியில என்ர மாமா போட் எஞ்சின் திருத்துறவர், பெற்றோல்ல ஸ்டார்ட் பண்ணி சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துற அந்தப் பழைய எஞ்சின்கள். ஸ்பானரைத் தந்திட்டு பீடியோட தள்ளிப்போய் இருப்பார். நான் கயித்தை இழுத்து இழுத்துக் கை நோக ஒரு கேள்விதான் வரும்: 'பிளக்கைக் கழட்டிப் பார்த்தனியோ?' கழட்டினா கறுத்து ஈரமா இருக்கும், எண்ணெய் கூடிப்போச்சு எண்டு அப்பதான் எனக்கே விளங்கும்.

இப்ப நானும் கையைப் பொக்கெட்டுக்குள்ள வச்சுக்கொண்டுதான் நிக்கிறது. போன மாசம் ஒரு பொடியன் ரெண்டு மணித்தியாலம் புரோகிராமுக்குள்ள தேடிக்கொண்டிருந்தான், நான் 'இன்புட் கார்ட்ல லைட் எரியுதோ?' எண்டு மட்டும் கேட்டன், சென்சர் சிக்னல் உள்ள வருதோ எண்டு காட்டுற லைட் அது. எழும்பிப் போனான், அவ்வளவுதான். (சூப்பவைசர் அவசரப்படுத்திக்கொண்டு நிக்கேக்க இது ஏலாது, அப்ப நானே செய்துபோட்டுப் பிறகு கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவன்.)

உங்கட 27 வயசுக்காரனுக்கு உங்களை விட நெற்வேர்க் நல்லாத் தெரிஞ்சிருக்கும், வெக்கப்படாமக் கேளுங்க, நெற்வேர்க்கில என்ன போகுது எண்டு பார்க்கிற வயர்ஷார்க் சொஃப்ட்வெயரை எனக்குக் காட்டித்தந்தது என்ர மகனை விடச் சின்னவன். அவனுக்கு எமர்ஜென்சி ஸ்டொப்பை ஏன் நோர்மலி குளோஸ்ட்ல (அமத்தாத வரைக்கும் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கிற மாதிரி) வயர் பண்ணுறம் எண்டது புத்தகத்தில மட்டும் தெரிஞ்சிருக்கும், வயர் அறுந்தாலும் மெஷின் நிக்கோணும் எண்டு. அறுந்த வயரோட மல்லுக்கட்டினது நீங்கதான். அந்தக் கதையை அவன் கேட்கேக்க சொல்லுங்க, கேட்காம ஆரம்பிச்சா 'எங்கட ஊரில' எண்டுதான் வாயில வரும், அது ஒருத்தருக்கும் பிடிக்காது, என்ர வீட்டிலயே பிடிக்காது.

கோர்ஸ் எடுக்கலாமோ எண்டா எடுங்க, ஆனா நைற் ஷிஃப்ற்றோட வேண்டாம்.

மற்றது, வெள்ளெழுத்துக் கண்ணாடியைத் தள்ளிப்போடாதீங்க. பனலுக்குள்ள வயர் நம்பர் தெரியாம ஒரு வருசமா நான் போன்ல படம் எடுத்துப் பெருப்பிச்சுப் பார்த்தனான், பொடியங்கள் ஏன் எண்டு கேட்டா ரிப்போர்ட்டுக்கு எண்டு சொல்லுறது.