அந்தப் பலாமரம்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஆயா தவறிப் பன்னிரண்டு நாளாகிறது. கடைசிக் காலத்தில் திருப்பாதிரிப்புலியூரில் எங்களோடு இருந்தார். பிறந்ததும் வாக்கப்பட்டதும் பண்ருட்டிப் பக்கம். முப்பதாம் நாள் படையலுக்கு ஒரு நினைவு மலர் அச்சடிக்கிறோம். ‘பாசத்தின் இருப்பிடம், பொறுமையின் சிகரம்’ என்று நான்கு பக்கம் எழுதினேன். அம்மா படித்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. ஆனா இது யாரோட ஆயா?” என்றார். அதோடு பேனா நின்றுவிட்டது.

ஆயா கெட்ட வார்த்தை பேசுவார். ஒரு பலாமரத்துக்காகத் தங்கையோடு 18 வருடம் பேச்சு வார்த்தை கிடையாது (தானே புயலில் மரம் விழுந்த பிறகுதான் பேசிக்கொண்டார்கள்). இதையெல்லாம் எழுதலாமா? ‘ஆயா’ என்று போடாதே, ‘பாட்டி’ என்று போடு என்கிறார் சென்னைச் சித்தப்பா.

(பெயர் வேண்டாம்), கடலூர்

அன்புள்ள நண்பருக்கு,

சித்தப்பாவை முதலில் முடித்துவிடுவோம். சென்னையில் ஆயா என்றால் பிள்ளை பார்த்துக்கொள்ள வருகிறவர். நம் பக்கத்தில் அம்மாவைப் பெற்றவளும் ஆயா, அப்பாவைப் பெற்றவளும் ஆயா. நானும் விடுதியில் சேர்ந்த முதல் வாரமே ‘பாட்டி’க்கு மாறியவன்தான். லீவுக்கு வந்து வாசலில் நின்று அப்படிக் கூப்பிட்டேன். “எவடா அவ பாட்டி?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ‘ஆயா’ என்றே போடுங்கள்.

என் ஆயா முந்திரி உடைத்தவர். கொட்டையை உடைக்கும்போது தோட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டால் தோல் பொத்துப்போகும். சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைப்பார்கள். பருப்பு முழுசாக வந்தால்தான் விலை. எங்கள் வீட்டுப் பாயசத்தில் முழுப் பருப்பை நான் கண்டதே இல்லை. பங்குனி, சித்திரையில் ஆயா எனக்குச் சோறு பிசைந்து ஊட்டமாட்டார், கரண்டியால் தட்டில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். தம்பி பிறந்ததால் என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பொத்துப்போன விரலில் குழம்பு பட்டால் எரியும், அந்த எண்ணெய் பிள்ளை வாயில் படவும் கூடாது. இதை அவர் சொன்னதில்லை, அத்தை சொல்லித்தான் தெரியும். ‘பாசத்தின் இருப்பிடம்’ என்று எழுதியிருந்தால் இந்தக் கரண்டி எங்கே போயிருக்கும்?

தன்னைப் பற்றி அவர் பேசியது வேறு கதைகளுக்குள் இருந்தது. ஒருமுறை கரையேறவிட்டகுப்பத்துக்குக் கூட்டிப்போனார். கல்லில் கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் கரை சேர்ந்ததாகச் சொல்லப்படும் இடம். எல்லாரும் கும்பிட்டு நகர, இவர் நின்று, “தம்பி கரையேறினாரு, சரி. அக்காவ யாரு கரையேத்தினது?” என்றார். நிச்சயித்த கலிப்பகையார் போரில் இறந்துபோக, தம்பிக்காக உயிரை வைத்துக்கொண்டிருந்த திலகவதியாரைச் சொன்னார். ஆயாவும் இளவயதில் தாலி இழந்து, இரண்டு தம்பிகளை வளர்த்தவர். எனக்கு அப்போது பதினொரு வயது, கடலை வாங்கித் தரச்சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது உங்கள் பலாமரம். நான்கு பக்கம் சிகரம் ஏறிவிட்டு, இருக்கிற ஒரே கதையை அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்களே! 2011 டிசம்பர் 30 காலையில் தானே கரையைக் கடந்தபோது பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாக வேரோடு சாய்ந்தன. பிள்ளை போல வளர்த்த மரம் என்று பெரியவர்கள் அழுததைப் பார்த்திருக்கிறேன். உங்கள் ஆயாவுக்கும் தங்கைக்கும் நடுவே நின்றதோ சண்டை போட்ட மரம். அதுவும் விழுந்ததும் என்ன நடந்தது?

அம்மாவிடம் கேளுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும். யார் யாருடைய வீட்டுக்கு முதலில் நடந்துபோனது? வழியெல்லாம் மரம் கிடந்திருக்குமே, எப்படிப் போனார்கள்? கையில் ஏதாவது கொண்டுபோனார்களா? 18 வருடம் கழித்துப் பேசிய முதல் வார்த்தை என்ன?

அது கெட்ட வார்த்தையாக இருந்தால் அப்படியே போடுங்கள். அச்சகத்தில் பிழை திருத்துகிறவரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.